என்னத்துக்குல போனிய?

உ

பிரிஸ்பேன்
மார்ச், திங்கட்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நான், உன் மருமகள், பேத்தி மூவரும் நலம். அங்கு உன் நலமும், உன் முழங்காலின் நலமும், பக்கத்து வீட்டோடு நடக்கிற முருங்கைமரத் தகராறின் நலமும் அறிய ஆவல்.

நேற்று ராத்திரி போனில், "காலையில இருந்து கூப்பிடுதேன், எங்கல போயிருந்திய?" என்று கேட்டாய். சும்மா காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தோம் என்றேன். "கோயிலுக்கா?" இல்லை. "யார் வீட்லயும் விசேஷமா?" இல்லை. "ஆஸ்பத்திரிக்கா?" இல்லைம்மா. கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாய்: "பொறவு என்னத்துக்குல போனிய?"

அந்தக் கேள்விக்குப் போனில் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஒருக்களித்து உட்கார்ந்து எழுதுகிறேன். கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையும் உள்ளே வரும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 'டிரைவ்' போவது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. சாமிதான் கிடையாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் 'ஹின்டர்லேண்ட்' என்பார்கள். குளச்சல் கடற்கரைக்குப் பின்னால் குலசேகரமும் பேச்சிப்பாறையும் இருக்கிற மாதிரி, இங்கே சன்ஷைன் கோஸ்ட் கடற்கரைக்குப் பின்னால் ஒரு மலைத்தொடரும் அதன் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்களும் இருக்கின்றன. எதிர்வீட்டுப் பெரியவர்தான் வழி சொன்னார். "எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்?" என்று நான் கேட்டதும், வியாதிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சேருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை" என்றார்.

உன் மருமகள் விடிவதற்கு முன்பே எழுந்து புளியோதரை, தயிர்சாதம், பதினான்கு உளுந்தவடை எல்லாம் கட்டிவிட்டாள். "நாலு ஊர் தாண்டுவதற்குள் பசியில் செத்தா போவோம்? வழியில் ஓட்டல் இருக்காதா?" என்று வீரம் பேசினேன். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

பிரிஸ்பேனிலிருந்து வடக்கே எழுபது கிலோமீட்டர் போனால் கிளாஸ் ஹவுஸ் மலைகள். சமவெளியில் பைன் மரமும் அன்னாசித் தோட்டமுமாக இருக்கிற இடத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மொட்டை மொட்டையாக எழுந்து நிற்கின்றன. கோபுரம் கட்டக் கல் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒப்பந்தக்காரன் ஓடிப்போன மாதிரி. சுமார் 2.5 கோடி வருஷத்துக்கு முன் எரிமலை வாய்க்குள்ளேயே குழம்பு இறுகிப்போய், சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்தபின் உள்ளே இருந்த அடைப்பு மட்டும் நிற்கிறதாம். 1770-இல் கப்பலில் போன குக் துரை கடலிலிருந்து இதைப் பார்த்தார். தன் யார்க்ஷயர் ஊரில் கண்ணாடி காய்ச்சுகிற உலைகள் மாதிரி இருக்கிறதே என்று தோன்றி இந்தப் பெயரை வைத்துவிட்டார். ஊரை விட்டு வந்தவனுக்குப் பார்ப்பதெல்லாம் ஊர் மாதிரியே தெரியும். அந்த வியாதி குக் துரைக்கும் இருந்திருக்கிறது.

இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான ஜினிபாரா, கபி கபி மக்கள் சொல்கிற கதை வேறு. அவர்கள் கணக்கில் இது ஒரு குடும்பம். அப்பா பெயர் திப்ரோகார்கன். அம்மா பீர்வா, 556 மீட்டர், கூட்டத்திலேயே பெரிய ஆள். மூத்த மகன் கூனவ்ரின். மற்றதெல்லாம் பொடிசுகள். ஒரு நாள் கடல் பொங்கி வருவதை அப்பா பார்க்கிறார். பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடப்போகிறவர், மூத்தவனிடம் "நீ அம்மாவுக்குத் துணையாக இருந்து கூட்டிவா" என்கிறார். அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. திரும்பிப் பார்த்தால் பையன் அம்மாவை விட்டுவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான். வந்த கோபத்தில் தடியை எடுத்துப் பிடரியில் ஒரு போடு. கழுத்து கோணியது கோணியதுதான். அந்த மலையைப் பார்த்தால் உண்மையிலேயே கழுத்து ஒடிந்தவன் மாதிரிதான் நிற்கிறது. பெயரிலேயே கூன் இருக்கிறது பார். அப்பா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்றைக்கும் கடலைப் பார்த்தபடி இருக்கிறார். மழைநாளில் இந்த மலைகளில் வழிகிற ஓடைகளெல்லாம் அந்தக் குடும்பத்தின் கண்ணீராம்.

கதையைப் படித்து முடித்ததும் உன் மருமகள், "மூத்த மகன்" என்று மட்டும் சொன்னாள். நான் போனை எடுத்து மும்முரமாகப் படம் பிடிக்க ஆரம்பித்தேன்.

அடுத்து ஸ்டீவ் இர்வினின் மிருகக்காட்சிசாலை. முதலையோடு கட்டிப் புரள்வாரே டிவியில், அவர்தான். அவருடைய அப்பா அம்மா 1970-இல் சின்னதாக ஆரம்பித்த ஊர்வனப் பூங்கா இது. இன்றைக்கு அந்தச் சாலைக்கே மகன் பெயர். உள்ளே போனால் அந்த மாதச் சாமான் பட்டியலில் பாதி போய்விடும் என்பதால், "அங்கே பார், ரயில்" என்று பேத்திக்கு எதிர்ப்பக்கம் காட்டிக்கொண்டே தாண்டிவிட்டேன். ரயில் எதுவும் வரவில்லை. அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

லேண்ட்ஸ்பரோ என்ற ஊரிலிருந்து மலை ஏறுகிறது. பாதி ஏறும்போதே கண்ணாடியில் பூவாக ஈரம். இறக்கிப் பார்த்தால் சாரல்! நம் ஊர்ச் சாரலேதான், அம்மா. ஆனிமாசம் வரவேண்டியது மாசியிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே மேரி கேர்ன்கிராஸ் என்ற பெயரில் 55 ஹெக்டேர் மழைக்காடு இருக்கிறது. மரம் வெட்டி மாடு மேய்த்த ஊர் இது. சுற்றிலும் மொட்டையடித்த புல்வெளி, நடுவில் மட்டும் உச்சிக்குடுமி மாதிரி இந்தக் காடு. தைன் என்ற குடும்பத்து மகள்கள் மூன்று பேர், தங்கள் அம்மாவின் நினைவாக 1941-இல் இதை ஊருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் பெயர்தான் காட்டுக்கு. மரப்பாதையில் நடந்தால் காலடியில் பாடிமெலன் என்ற குட்டிக் கங்காரு, நம் ஊர் முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, முன்னங்கையால் ஒரு இலையைப் பிடித்து வெற்றிலை மெல்லுகிற ஆச்சி மாதிரி நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நம்மைப் பார்த்தது. மெல்வதை நிறுத்தவில்லை.

அங்கிருந்து பார்த்தால் காலையில் பார்த்த மலைகள் அத்தனையும் தெரிகின்றன. சேவைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியிடம் உன் பேத்தி போய், "அந்தப் பையன் ஏன் ஓடினான் என்று யாரும் கேட்கவே இல்லையா?" என்று கேட்டாள். கேட்டார்களாம். அப்பா அடித்தபிறகுதான் கேட்டாராம். நம் ஊர் வழக்கம்தான். அதற்குக் கூனவ்ரின் சொன்ன பதில்: "அம்மாதானே நம் எல்லாரிலும் பெரியவள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்."

போன வருஷம் உனக்குக் கண் ஆப்பரேஷன் நடந்தபோது, ஆபீஸில் ஒருத்தர், "அங்கே தனியாகவா இருக்கிறார்கள்?" என்று கேட்டார். "எங்க அம்மா தைரியசாலி, எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சரி, அடுத்த ஊரான மெலெனிக்கு வருவோம். ஒரே ஒரு கடைத்தெரு. ஒரு பேக்கரி, ஒரு மதுக்கடை, போரில் செத்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம், மற்றதெல்லாம் காப்பிக்கடை. பால்மாட்டு ஊர். எதற்கெடுத்தாலும் கூட்டுறவுச் சங்கம் வைக்கிற ஊரும்கூட. ஓடையில் பிளாட்டிபஸ் இருக்கிறது, அதாவது வாத்து மூக்கும் நீர்நாய் உடம்புமாக முட்டையிட்டுப் பால் கொடுக்கிற பிராணி. பிரம்மா கடைசி நாளில் மிச்சமிருந்த சாமானை ஒட்டவைத்துக் கணக்கை முடித்திருக்கிறார். அரைமணி நேரம் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி வந்தது. அது பிளாட்டிபஸ்தான் என்று பேத்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தெருவில் ஒரு பழைய சாமான் கடை. நீ ஆக்கருக்குப் போடுகிற எல்லாவற்றையும் துடைத்து விலைச்சீட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். பால்கேன், அரிக்கேன் விளக்கு, துருப்பிடித்த ரம்பம். மூலையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி. தூக்கிப் பார்த்தேன். கழுத்தில் புள்ளி புள்ளியாக உளியால் கொத்தின எழுத்து: 'பி.மு.ல.' தமிழ், அம்மா! யார் வீட்டுப் பொண்ணுக்குச் சீராகப் போனதோ, எந்த வருஷம் எவர்சில்வருக்கு மாற்றினார்களோ, எந்தக் கப்பலில் எந்தக் கண்டெய்னரில் ஏறி வந்ததோ! விலை 95 டாலர், ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். உள்ளே காய்ந்த லாவெண்டர் பூவைச் செருகி வைத்திருந்தார்கள். "இந்திய ஜாடி" என்றார் கடைக்காரர். பத்துவருஷம் சாம்பார் சுமந்த ஆளை ஜாடி என்கிறாரே என்று எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. நீ பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கினாயே, அதுவோ என்றுகூட எழுத்தைத் தடவிப் பார்த்தேன். உன் இனிஷியல் இல்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது பரூன் ஏரி. இங்கேதான் கழுத்துக் கதை. இந்த மலைப்பக்கத்தில் பன்யா என்று ஒரு மரம். தென்னை உயரத்தைப்போல இரண்டு மடங்கு. அதில் காய்க்கிற காய், நம் பலாப்பிஞ்சு மாதிரி பச்சையாக, பத்து கிலோ வரைக்கும் கனக்கும். பழுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் விழும். மூன்று வருஷத்துக்கு ஒருதரம் காய்த்துக் கொட்டுகிறபோது, பல நூறு மைலுக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆதிகுடிகள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து கூடுவார்களாம். சங்கரன்கோயில் ஆடித்தபசு மாதிரி என்று வைத்துக்கொள். தின்பது, ஆடுவது, பெண் கொடுப்பது எடுப்பது, பழைய பஞ்சாயத்தைத் தீர்ப்பது எல்லாம் அங்கேதான். 1842-இல் கவர்னர் கிப்ஸ் பன்யா மரம் இருக்கிற பக்கம் வெள்ளைக்காரன் யாரும் குடியேறக்கூடாது என்று உத்தரவு போட்டார். 1860-இல் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் அதை ரத்து செய்துவிட்டது. அப்புறம் திருவிழாவும் போயிற்று. காட்டின் பெரும்பகுதியும் போயிற்று. 'காய் விழும், எச்சரிக்கை' என்கிற பலகை மட்டும் புதிது.

பத்து கிலோ என்று படித்தபிறகு எனக்கு ஏரி தெரியவில்லை, வாத்து தெரியவில்லை. ஒரு மணி நேரம் அண்ணாந்தபடியே நடந்தேன். ஒன்றும் விழவில்லை. கழுத்து மட்டும் நின்றுவிட்டது.

மோன்ட்வில் வந்து சேரும்போது மணி இரண்டு பத்து. பழைய பெயர் ரேஸர்பேக், ஊர் மலைமுகட்டின் முதுகெலும்பிலேயே உட்கார்ந்திருப்பதால். ஒரு பக்கம் பார்த்தால் கடல், மறுபக்கம் பள்ளத்தாக்கு. குயில் கூவுகிற ஜெர்மன் கடிகாரத்துக்கு ஒரு கடை, சர்க்கரைப்பாகு மிட்டாய்க்கு ஒரு கடை. சாப்பாட்டுக்கடையில் போய் உட்கார்ந்தோம். "மன்னிக்கவும், அடுப்படி இரண்டு மணிக்கு மூடியாயிற்று" என்றாள் அந்தப் பெண். பத்து நிமிஷம்தானே என்றேன். ஆமாம், பத்து நிமிஷம் என்று அவளும் வருத்தப்பட்டாள். கெஞ்சினால் உள்ளே போய் நாலு இட்லியாவது தேறுமா என்று பார்க்கிற நம் சம்பிரதாயம் இங்கே கிடையாது. உன் மருமகள் ஒன்றும் பேசவில்லை. காரின் டிக்கியைத் திறந்தாள், அவ்வளவுதான்.

மேப்பிள்டன் ஊரில் அல்லிக்குளத்துப் பூங்காவில் இலை விரித்தோம். இங்கே பூங்காவில் பொதுஜனத்துக்கென்று கரண்டு அடுப்பு வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கல் சூடாகும், காசு கிடையாது. மற்றவர்கள் அதில் இறைச்சி சுடுகிறார்கள். "இந்தக் கல்லில் எட்டுத் தோசை ஊற்றலாம்" என்று உன் மருமகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போதுதான் அது நடந்தது. பேத்தி கையில் வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறாள், தோளுக்கு மேல் ஒரு காற்று, வடையைக் காணோம். குக்கபரா! மீன்கொத்தி ஜாதி, ஆனால் தலை மட்டும் பெரிய மனுஷத் தலை. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, பாம்பைக் கொல்லுகிற மாதிரி வடையைக் கிளையில் 'டொப் டொப்' என்று இரண்டு பக்கமும் அடித்தது. வடை செத்துவிட்டது என்று நிச்சயமானபிறகு விழுங்கியது. அப்புறம் தலையைத் தூக்கி, கல்யாண வீட்டுச் சீட்டுக்கச்சேரி மாதிரி ஒரு சிரிப்பு. காக்கா வடை திருடின கதையை இவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்போது நம்பிவிட்டாள். "நரி எப்போ வரும்?" என்று கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

போகிற வழியில் ஒரு தோட்டத்து வாசலில் தகரக் கூரை போட்ட சின்ன மேடை. அவகாடோ ஒரு பை ஐந்து டாலர், சீத்தாப்பழம், வேகவைக்கப் பன்யாக்கொட்டை. கடைக்காரர் இல்லை. பூட்டுப்போட்ட ஒரு உண்டியல் மட்டும். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். நீ என்ன கேட்பாய் என்று தெரியும்: "யாரு பாக்கா?" யாரும் பார்க்கவில்லை, அம்மா. ஒரு மாடு பார்த்தது. எங்களிடம் இருபது டாலர் நோட்டுதான் இருந்தது. உண்டியல் மீதி தராது. மாடு பார்க்கிறது. எனவே பன்யாக்கொட்டையும் சேர்த்து நாலு பை வாங்கினோம். வீட்டில் இப்போது இருபத்திரண்டு அவகாடோ ஒரே நாளில் பழுத்துக்கொண்டிருக்கிறது. பன்யாக்கொட்டையை ராத்திரி உப்புப்போட்டு அவித்தேன். ஒரு வாய் போட்டதும் தெரிந்துவிட்டது. பலாக்கொட்டை! சாம்பாரில் போடாமல் விட்ட பலாக்கொட்டை.

இறங்கினால் நாம்பூர். கொஞ்சம் பெரிய ஊர், கொஞ்சம் களைத்த ஊர். 1897-இலிருந்து 2003 வரை ஊர் நடுவிலேயே சர்க்கரை ஆலை ஓடியிருக்கிறது. கடைத்தெரு வழியாகவே கரும்பு ரயில் போகுமாம். ஆலை போய்விட்டது, தண்டவாளம் தார் ரோட்டில் பதிந்து கிடக்கிறது. இந்தக் கரும்புக்காகத்தான் அந்தக் காலத்தில் பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 60,000 பேரைக் குவீன்ஸ்லாந்துக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுவந்தது நிறைய. நம் பக்கத்து ஆட்களை நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஏற்றினதும் இதே கரும்புக்குத்தான். என்னத்துக்குல போனிய என்று கேட்டால், அவர்களுக்கெல்லாம் 'சும்மா' என்று சொல்ல முடிந்திருக்காது.

அங்கே ஒரு பொட்டலம் சர்க்கரை இஞ்சி வாங்கினேன். பக்கத்து பட்ரிம் மலையில் 1941-இல், யுத்தத்தால் சீனாவிலிருந்து இஞ்சி வருவது நின்றபோது, ஐந்து விவசாயிகள் 25 பவுண்ட் போட்டு ஆரம்பித்த தொழில் அது. வாயில் போட்டால் நீ பண்ணுகிற இஞ்சி மரப்பாவேதான், கொஞ்சம் நாகரிகமாக உறைக்கிறது. உனக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். தென்காசிக்கு இஞ்சி அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை என்று விட்டுவிட்டேன்.

கடைசித் தரிசனம், நாம்பூருக்குத் தெற்கே பதினாறு மீட்டர் உயரத்தில் நிற்கிற ஒரு அன்னாசிப்பழம். 1971-இல் ஃபைபரில் செய்து நிறுத்தினது. உள்ளே படிக்கட்டு. 1983-இல் சார்லஸும் டயானாவும் வந்து போயிருக்கிறார்கள். இப்போது அது அரசாங்கத்தின் பாரம்பரியச் சின்னம். நம் ஊரில் தலைவர்களுக்குச் சிலை வைக்கிறோம். இவர்கள் வாழைப்பழம், இறால், செம்மறியாடு, அன்னாசி என்று வைக்கிறார்கள். யாரும் மாலை போடுவதில்லை, அதனால் சண்டையும் இல்லை.

இருட்டுகிற நேரம் நெடுஞ்சாலையில் திரும்பினோம். வலப்பக்கம் மலைகள் கறுப்பாக நின்றன. பேத்தி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் வலப்பக்கம் திரும்ப முடியவில்லை, கழுத்து. உன் மருமகள் பார்த்துச் சொன்னாள், எது அம்மா, எது மகன் என்று.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு எழுதியும் பதில் அகப்படவில்லை பார். சாரல், பலாக்கொட்டை, இஞ்சி மரப்பா, தூக்குவாளி என்று வீட்டில் இருந்ததையே முந்நூறு கிலோமீட்டர் பெட்ரோல் போட்டுத் தேடியிருக்கிறேன். நல்லவேளை, நீ 'போனிய' என்று எல்லாரையும் சேர்த்துக் கேட்டாய். 'என்னத்துக்குல போன?' என்று என்னை மட்டும் கேட்டிருந்தால், பதினோரு வருஷத்துக் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும். அதற்கு இந்தத் தாள் போதாது.

ஜூன் கடைசியில் சாரல் ஆரம்பித்ததும் மூன்று பேரும் வருகிறோம். டிக்கெட் இன்றைக்குக் காலையில்தான் போட்டேன். வாசலிலேயே நின்று, "என்னத்துக்குல வந்திய?" என்று கேட்பாய். கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. இப்போதே சொல்லிவைக்கிறேன். சும்மா.

இப்படிக்கு,
உன் மூத்த மகன்

பின்குறிப்பு: காயத்திருமேனித் தைலம் ஒரு புட்டி வாங்கி வை. கழுத்து அதுவரை இப்படியே இருந்தால் நீதான் நீவிவிடவேண்டும். உன் மருமகள் நீவினால் திப்ரோகார்கன் தடி விழுந்த மாதிரியே இருக்கிறது.